கைக்கு எத்தனை பேர்

திருமலைசாமிக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு மறுபடியும் படிப்பு வந்து வாய்த்தது. அது வராமலே இருந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். என்னை யார் கேட்டார்கள்.

மதுக்கரை ரோட்டில், சிமெண்டுத் தூசி படிந்து இலையெல்லாம் வெளுத்துப்போன வேப்பமரங்களுக்குப் பின்னால் ஒரு மிஷின் கம்பெனி. மில்லுகளுக்கு நூல் சுற்றுகிற மிஷின் செய்து கொடுப்பார்கள். அதில் இருபது வருஷமாக அவர் ஃபிட்டர். உருப்படிகளைத் துண்டு துண்டாக வாங்கி, பொருத்தி, ஓட்டிவிட்டு, பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். சத்தம் பிசகினால் மறுபடி கழற்றுவார். கையில் கிரீஸ் வாசம் இல்லாத நாளில் இவருக்குச் சோறு இறங்காது என்று அவர் சம்சாரம் கனகம் சொல்லுவாள். பிள்ளை குட்டி கிடையாது. கனகமும் அந்த மிஷின்களும்தான் அவருக்கு எல்லாம்.

தொண்ணூற்றைந்தில் கம்பெனிக்கு ஜப்பான் கூட்டு வந்தது. பழைய மாடலை நிறுத்தப் போகிறார்கள், இனிமேல் ஜப்பான் மாடல்தான் என்று பேச்சு கிளம்பியது. ஜெனரல் மேனேஜர் கோபாலசாமி எல்லாரையும் நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னார். ஃபிட்டர்களில் ஒரே ஒருத்தரை ஒரு வருஷம் ஜப்பானுக்கு அனுப்புவார்கள். அவர் கற்றுக்கொண்டு வந்து புது ஷெட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மிச்ச ஆளெல்லாம் பேக்கிங் ஷெட்டுக்கு.

பேக்கிங் ஷெட் என்றால் மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கிற இடம். சம்பளத்தில் ஒன்றும் கைவைக்க மாட்டார்கள். வேலை போகாது. ஆனால் அங்கே போன ஃபிட்டர் எவனும் திரும்பி மிஷினைத் தொட்டதில்லை. அடுத்தவன் பொருத்தின மிஷினுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியை மூடுவதுதான் சாகிறவரைக்கும். திருமலைசாமிக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு பாதியில் நின்றுபோனது. போனால் ஜப்பான், இல்லாவிட்டால் ஆணி. நடுவில் வேறு வழியே இல்லை.

போகிறவருக்கு அந்த ஊர் பாஷை கொஞ்சம் பேச வேண்டும். மிஷினில் ஒட்டியிருக்கிற பட்டைகளில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கவும் தெரிய வேண்டும். அடுத்த தை மாசம் ஜப்பானிலிருந்தே ஆள் வந்து சோதிப்பார் என்றார்கள்.

ஆர்.எஸ்.புரத்தில் சாஜிதா பேகம் வீட்டு முன்னறையில் சாயங்கால வகுப்பு ஏற்பாடாயிற்று. அந்தம்மாவுக்கு உக்கடம்தான் பிறந்த வீடு. வீட்டுக்காரருக்கு ஜப்பானில் கோபே ஊரில் முத்து வியாபாரம். அங்கேயே ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தி, அந்த வருஷ ஜனவரியில் வந்த பூகம்பத்தில் கடை வீடு எல்லாம் போய், பெட்டி ஒன்றோடு ஊர் திரும்பியவர். வயது திருமலைசாமியைவிட நாலைந்து குறைவுதான். இவர் அவரை "டீச்சருங்க" என்பார். அவர் இவரை "அண்ணா" என்பார்.

வகுப்புக்கு நாலு ஃபிட்டர்கள் போனார்கள். முதல் மாசத்திலேயே இரண்டு பேருக்குத் தலைவலி வந்து நின்றுவிட்டார்கள். மிச்சம் திருமலைசாமியும் மனோஜ்குமாரும். மனோஜ்குமார் டிப்ளமோ முடித்த பையன், கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. வாய் கொஞ்சம் நீளம். மனசில் ஒன்றும் கிடையாது.

அந்த ஊர் எழுத்துக்குக் கான்ஜி என்று பேர். கம்பெனி கேண்டீனில் "என்னங்ணா, இன்னைக்குக் கஞ்சி வகுப்பு உண்டுங்ளா?" என்று கேலி பேசினார்கள். பேசட்டும். திருமலைசாமி எழுத்தைப் பார்த்துப் பயப்படவில்லை. டிராயிங் பார்த்துப் பழகின கண். எந்தக் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே மடங்குகிறது என்று ஒருதரம் பார்த்தால் போதும், மனசில் உட்கார்ந்துவிடும். தண்ணீர் என்கிற எழுத்துக்கு நடுவில் ஒரு கொக்கி, இரண்டு பக்கமும் சிதறல். கை என்கிற எழுத்துக்குக் குறுக்கே மூன்று கோடு, நடுவில் வளைந்து இறங்குகிற ஒரு கோடு. 'தன்' என்பதற்கு ஏணி மாதிரி ஒரு பெட்டி, உச்சியில் ஒரு துளி. அர்த்தமும் மறக்காது. சனியன், சத்தம்தான் நிற்காது.

"டீச்சருங்க, இதை எப்படிங்க வாசிக்கறது?" என்று முதல் வாரம் கை எழுத்தைக் காட்டிக் கேட்டார்.

"இதுக்கு ரெண்டு பேருங்கண்ணா" என்றார் சாஜிதா. "ஊட்ல கூப்பிடற பேரு ஒண்ணு, பள்ளிக்கூடத்துல குடுத்த பேரு ஒண்ணு. தனியா நின்னா ஊட்டுப் பேரு, 'தே'. இன்னொரு எழுத்துக்கூடச் சேந்து நின்னா பள்ளிக்கூடப் பேரு, 'ஷு'."

இது அவருக்குச் சட்டென்று புரிந்தது. அவருக்கே வீட்டில் துரை என்றுதான் பேர். தாத்தா பேரை வைத்துவிட்டார்கள். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாதே என்று அவருடைய அம்மா துரை, துரை என்று கூப்பிட்டுக் காலத்தை ஓட்டினாள். இதுதானா, நம்ம ஊர்ச் சமாச்சாரம்தானே என்று திருமலைசாமி அன்றைக்குச் சந்தோஷமாக டி.வி.எஸ். ஐம்பதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் தங்கியது.

அடுத்த வாரம் அந்தம்மா 'மேல்' எழுத்தையும் 'கை' எழுத்தையும் சேர்த்துப் போட்டார். கெட்டிக்காரன் என்று அர்த்தமாம். வாசிக்கிறது 'ஜோஸு'. 'கீழ்' எழுத்தையும் 'கை'யையும் சேர்த்துப் போட்டார். ஒன்றும் வராதவன் என்று அர்த்தம். வாசிக்கிறது 'ஹெத்தா'.

"இதுல தே எங்கீங்க? ஷு எங்கீங்க?"

"இதுல இல்லீங்கண்ணா. இது அப்படித்தான்."

"ஏனுங்க அப்படி?"

"அதை நானும் அங்கிருக்கப்போ கேட்டேனுங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

ஞாயிற்றுக்கிழமையை 'நிச்சியோபி' என்றார்கள். அதில் மூன்று எழுத்து. முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் ஒரே எழுத்து. முதலில் நின்றால் 'நிச்சி', கடைசியில் நின்றால் 'பி'. தனியாக நின்றால் அதுவே 'ஹி'. திருமலைசாமி நோட்டை மூடிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பேரைக் கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்கிற மனுஷனிடம் எப்படிக் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

அவரும் சும்மா விடவில்லை. தண்ணீருக்கு 'மிஸு'. குடிக்கும்போது மீசை நனைகிறது, மீசை, மிஸு. மலைக்கு 'யமா'. மலை உச்சியில் எமன் உட்கார்ந்திருக்கிறான். எண்ணெய்க்கு 'அபுரா'. முதலில் துணியால் துடை, எண்ணெய் அப்புறம். வீட்டில் தண்ணீர்க் குடத்தில் ஒரு காகிதம், எண்ணெய்க் கிண்ணத்தில் ஒன்று, கதவில் ஒன்று என்று ஒட்டினார். காலையில் வண்டி சீட்டில் படிந்திருக்கிற சிமெண்டுத் தூசியில் விரலால் ஒரு எழுத்தை எழுதி, சத்தத்தைச் சொல்லிவிட்டுத்தான் துடைத்து ஏறுவார். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. எழுத்தைப் பார்த்தால் மீசை ஞாபகம் வரும். தண்ணீர் ஞாபகம் வரும். குடம்கூட ஞாபகம் வரும். சத்தம் மட்டும் வராது.

அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. கனகத்துக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அவள் ஒரு எழுத்தைக்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இவர் முணுமுணுக்கிறதைக் காதால் கேட்டதோடு சரி. இவர் குடத்து முன்னால் முழித்துக்கொண்டு நின்றால் அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"மிஸுங்க."

"அது எனக்குத் தெரியும். இன்னொரு பேரு?"

"சுயிங்க. வெடியால எந்திரிச்சப்பத்தான சொன்னீங்க."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவார். கனகத்துக்கு அதில் பெருமை பாதி, பயம் பாதி. தாராபுரத்தில் அவள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது ஒறம்பரை, சொந்தக்காரர் அத்தனை பேரிடமும் சொல்லிவைத்துவிட்டாள், "அவங்க சப்பான் போறாங்க" என்று. புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள், சப்பானைச் சொல்லாமல் இருக்க மாட்டாள். பிளேனில் போட்டுக்கொள்ள ஸ்வெட்டர்கூட ஒன்று வாங்கி வைத்திருந்தாள். கோயமுத்தூரில் ஸ்வெட்டருக்கு என்ன வேலை. பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் திருமலைசாமி தயங்கித் தயங்கிக் கேட்டார். "டீச்சருங்க, எத்தனை நாள்ல இதெல்லாம் கைக்குள்ள வருமுங்க?"

சாஜிதா பொய் சொல்கிற ஆள் இல்லை. "ஒம்பது வருசம் இருந்தேனுங்கண்ணா. கொழந்தைக பள்ளிக்கூடத்துல குடுக்கற காயிதம் படிக்கறதுக்குன்னே உக்காந்து படிச்சேன். இன்னமும் பேப்பரை முழுசா வாசிக்க வராது. தெரிஞ்ச எழுத்துதான்னு போனா அன்னைக்கு வேற பேர்ல வந்து நிக்கும்."

அவர் "சரிங்க" என்றார். வெளியே வந்து வண்டியை உதைத்தபோது கால் வழுக்கியது. ஆறு மாசத்தில் நான் எங்கே போய்ப் பிடிக்கப்போகிறேன் என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

அந்த வகுப்பில் அவருக்குக் கஷ்டமே இல்லாமல் வந்த பாடம் ஒன்றே ஒன்று. மரியாதை. குனிந்து கும்பிடுகிறது, பேருக்குப் பின்னால் 'சான்' சேர்க்கிறது, தன்னைத் தாழ்த்திச் சொல்கிறது. "அங்கயும் நம்ம கோயமுத்தூர் மாதிரியேதானுங்க" என்றார் சாஜிதா. "மூஞ்சிக்கு நேரா இல்லீன்னு சொல்ல மாட்டாங்க. புடிக்கலீன்னாலும் 'ஹாய், ஹாய்', ஆமா ஆமான்னு தலையாட்டுவாங்க. 'சிகைமாசு'ன்னு ஒரு வார்த்தை இருக்குது, தப்புன்னு அர்த்தம். வெச்சுக்குங்க, ஆனா பெரியவங்ககிட்டச் சட்டுனு சொல்லிப்போடாதீங்க." இதை யாராவது திருமலைசாமிக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? பிறந்ததிலிருந்து அப்படித்தான் இருக்கிறார்.

எப்படி இருக்கிறார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு சாயங்காலம் அந்தம்மா பலகையில் 'தன்' எழுத்தை எழுதும்போது ஏணிப்படியில் ஒன்றை விட்டுவிட்டார். ஒரு படி குறைந்தால் அது 'வெள்ளை' ஆகிவிடும். எழுதுகிறபோதே திருமலைசாமி பார்த்துவிட்டார். ஒரு நட்டு குறைந்தால் கண்ணில் படுகிற ஆளுக்கு ஒரு கோடு குறைந்தால் படாதா. பார்த்தவர் கம்மென்று தன் நோட்டில் சரியாக எழுதிக்கொண்டார்.

"மேடம், ஒரு கோடு உட்டுட்டீங்க" என்றான் மனோஜ்குமார்.

சாஜிதா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "அட ஆமா. தம்பி சொல்லலீன்னா வெள்ளையடிச்சிருப்பேன்."

வெளியே வந்ததும் திருமலைசாமி அவனைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, சொல்லிக் குடுக்கறவங்களை மூஞ்சிக்கு நேரா அப்படிக் கேக்கறதா? பொறவு தனியாச் சொன்னா ஆகாதா?"

"தப்புத்தானுங்ளேண்ணா?"

"தப்புன்னா? தப்புன்னா உடனே சொல்லிப்போடறதா?"

மனோஜ்குமாருக்குப் புரியவில்லை. "இனிமே சொல்லலீங்ணா" என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மார்கழியில் திருமலைசாமி ஒரு முடிவுக்கு வந்தார். உலகத்து எழுத்தையெல்லாம் பிடிக்க முடியாது. மிஷின் பட்டையில் இருக்கிறதை மட்டும் பிடிப்போம். அதிலும் அவரைப் பாடாய்ப் படுத்தியது ஒரு ஜோடி. மிஷினைக் கையால் ஓட்டுகிற ஸ்விட்ச் ஒன்று, தானாக ஓட விடுகிற ஸ்விட்ச் ஒன்று. இரண்டு பட்டையிலும் இரண்டாவது எழுத்து ஒன்றே, ஓட்டம், 'தோ'. முதல் எழுத்துதான் வேறே. கையும் ஓட்டமும் சேர்ந்தால் 'ஷுதோ'. தன்னும் ஓட்டமும் சேர்ந்தால் 'ஜிதோ'. கையைப் பார்த்தாலே அவருக்குத் தே, ஜோஸு, ஹெத்தா எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வரும், வர வேண்டியது வராது. மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கையால் ஓட்டுவதாக நினைத்து ஒருத்தன் உள்ளே விரலை விட்டிருக்கும்போது மிஷின் தானாகப் பாய்ந்தால் விரல் இருக்காது.

அந்த ஒன்றை அவர் விடவில்லை. கேண்டீனுக்குப் போகும்போது வலது கையைப் பார்த்து ஷுதோ. ஸ்பேனரைப் பிடித்தால் ஷுதோ. சோற்றைப் பிசைந்தால் ஷுதோ. கனகம் எதையாவது எடுத்துக் கொடுத்தால்கூட அவள் கையைப் பார்த்து ஷுதோ. பொங்கலுக்கு மறுநாள் காலையில் தூசி படிந்த வண்டிச் சீட்டில் இரண்டையும் எழுதிப் பார்த்தார். இரண்டும் தாமாக வாயில் வந்தன. மறுநாளும் வந்தன. அதற்கு மறுநாளும் வந்தன. மீசை இல்லை, எமன் இல்லை, வெறும் சத்தம் நேராக வந்தது. நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷன் சீட்டைத் துடைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கனகத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் கண் நனைந்துவிட்டது.

தை மாசக் கடைசியில் ஜப்பான்காரர் வந்தார். தலை முழுக்க வெள்ளை. வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ஒடிசலான உடம்பு, மெதுவான பேச்சு. டெமோ ரூமில் புது மிஷின் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். கோபாலசாமி ஒரு பக்கம் நின்றார். பேச்சை மாற்றிச் சொல்ல டிராயிங் ஆபீஸ் எஞ்சினியர் பாக்கியசாமி நின்றார். மனோஜ்குமாரை வெளியே உட்காரவைத்துவிட்டு முதலில் திருமலைசாமியைக் கூப்பிட்டார்கள்.

பெரியவர் இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டை நீட்டினார். இவரும் இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்தார். பேரில் இரண்டாவது எழுத்து மலை. "…யமா சான்" என்றார் திருமலைசாமி, முதல் பாதியை முழுங்கிவிட்டு. "ஹிராயாமா" என்று பெரியவர் முடித்துக்கொடுத்துச் சிரித்தார். நல்ல மனுஷர் என்று திருமலைசாமிக்கு மனசு இளகிவிட்டது.

பட்டைகளைப் படிக்கச் சொன்னார்கள். மின்சாரம், 'தெங்கென்'. சரி. நிறுத்து, 'தெய்ஷி'. சரி. அபாயம், 'கிக்கென்'. சரி. எண்ணெய் விடுகிற இடத்தில் பள்ளிக்கூடப் பேரைச் சொல்ல வேண்டியவர் 'அபுரா' என்று வீட்டுப் பேரைச் சொல்லிவிட்டார். பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை, 'க்யூயு' என்று மெதுவாகத் திருத்தினார். இவர் குனிந்தார்.

கடைசியில் பெரியவர் ஸ்விட்ச்சுகளுக்குப் பக்கத்தில் போனார். கை எழுத்து இருக்கிற பட்டைமேல் விரலை வைத்தார். திருமலைசாமிக்கு நெஞ்சு விம்மியது. இதை, இதைத்தான் கேளுங்க என்று காத்திருந்த பட்டை அது. வாயைத் திறப்பதற்குள் பெரியவர் தாமே படித்தார்.

"ஜிதோ, தெசு நே?"

ஜிதோதானே என்கிறார். திருமலைசாமி பட்டையைப் பார்த்தார். குறுக்கே மூன்று கோடு, நடுவில் வளைந்து இறங்குகிற கோடு. கை. சந்தேகமே இல்லை, ஷுதோ.

அந்த நேரத்தில் அவருக்குள் என்ன ஓடியது என்று பின்னால் கனகத்திடம் பலவிதமாகச் சொன்னார். இந்த எழுத்துக்குத்தான் எத்தனை பேர் என்று கணக்கே இல்லையே, இப்படியும் ஒரு பேர் இருக்குமோ என்று குழம்பிவிட்டது என்றார். அது பாதி நிஜம். மீதி நிஜம் என்னவென்றால், அவருக்குத் தெரியும். கடல் தாண்டி வந்த விருந்தாளி. தலை நரைத்தவர். வாய் தவறிவிட்டது, வயசு அப்படி. மேனேஜரும் எஞ்சினியரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தன் சொந்தப் பாஷையில் அவர் தப்பிவிட்டார் என்று மதுக்கரை ஃபிட்டர் ஒருத்தன் எடுத்துச் சொல்வதா? அப்படிச் சொல்வதற்கு அவருக்கு நாக்கு எழவில்லை.

"ஹாய்" என்றார். "ஜிதோ தெசு."

பெரியவர் விரலை எடுக்கவில்லை. இன்னும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, மறுபடியும் கேட்டார். "ஜி… தோ… தெசு நே?"

திருமலைசாமி இடுப்பு வரைக்கும் குனிந்து, மனப்பூர்வமாக, "ஹாய், ஜிதோ தெசு" என்றார்.

பெரியவரும் குனிந்தார். நன்றி சொன்னார். திருமலைசாமி வெளியே வரும்போது மனசு நிறைந்திருந்தது. ஒரு பெரிய மனுஷன் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி. எண்ணெயில் ஒன்று போனால் போகட்டும், மிச்சமெல்லாம் சரி. பெரியவரே குனிந்து நன்றி சொன்னாரே. கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்.

அடுத்து மனோஜ்குமார் போனான். சீக்கிரமே வெளியே வந்துவிட்டான். முகத்தில் பயம்.

"அண்ணா, காரியம் கெட்டுப்போச்சுங்ணா. பாதிப் பட்டை எனக்கு வாயில வரலீங்ணா. கடைசீல அந்தப் பெரியவரு ஷுதோவைப் போயி ஜிதோன்னாருங்ணா. நான் படக்குனு 'சிகைமாசு'ன்னுபோட்டேன். கைல தொட்டு வேற காட்டிப்போட்டேன்."

"பெரியவரைப் பாத்து அப்படியா சொன்னே?" என்றார் திருமலைசாமி. அவருக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. "என்னப்பா நீயி. இத்தனை நாள் படிச்சு இப்படிப் பண்ணிப்போட்டியே." அவன் தோளைத் தட்டிக் கொடுத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் போர்டில் பேர் ஒட்டினார்கள். மனோஜ்குமார்.

திருமலைசாமி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பாக்கியசாமி அவரைத் தனியாகக் கேண்டீன் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவர் சர்ச்சில் பிரசங்கம் பண்ணுகிற ஆள், வார்த்தையைத் தேடித் தேடித்தான் பேசுவார்.

"அண்ணா, நீங்கதான் நல்லாப் படிச்சீங்கன்னு அந்தப் பெரியவரே சொன்னாரு. தம்பி பாதியைத் தப்பாப் படிச்சான். ஆனா அவரு ஷுதோவை வேணுமின்னேதான் தப்பாப் படிச்சிருக்காரு."

"வேணுமின்னேவா?"

"ரெண்டு பேருகிட்டயும் அதேதான். மிஷின் பக்கத்துல ஒருத்தன் தப்பாப் படிச்சா கூட நிக்கறவன் நிறுத்துவானா, தலையாட்டுவானான்னு பாக்கறதுக்கு. படிக்கறதை அங்க கூட்டிட்டுப் போயி நாங்க சொல்லிக் குடுத்துக்குவோம், தப்புன்னு சொல்றதைச் சொல்லிக் குடுக்க முடியாதுன்னாரு. உங்களுக்கு ரெண்டாந்தரமும் ஒரு வாய்ப்புக் குடுத்தேன்னாரு."

திருமலைசாமி கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெரியுமுங்க" என்றார். "அது ஷுதோன்னு எனக்குத் தெரியும்."

அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல ஆர்.எஸ்.புரத்துக்குப் போனார். சாஜிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான்தானுங்க அண்ணா உங்களைக் கெடுத்தேன். பெரியவங்ககிட்டச் சொல்லாதீங்கன்னு நான்தான சொன்னேன்."

"அதெல்லாம் இல்லீங்க டீச்சருங்க" என்றார் அவர். "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க." கொஞ்சம் இருந்தது என்று அவருக்கும் தெரியும், அந்தம்மாவுக்கும் தெரியும். கொண்டுவந்திருந்த வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டு, வாரேனுங்க என்று கும்பிட்டு வந்தார்.

கனகம் அழவில்லை. குடத்தில் ஒட்டியிருந்த காகிதத்தை ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள், கதவில் இருந்ததையும் எடுத்தாள். தாராபுரத்துக்கு ஒரு வருஷம் அவள் போகவே இல்லை. ஸ்வெட்டர் பீரோவிலேயே கிடந்தது.

திருமலைசாமி பேக்கிங் ஷெட்டுக்குப் போனார். வைக்கோல் சுற்றினார், ஆணி அடித்தார். முதலில் கையில் கிரீஸ் வாசம் போனது. அப்புறம் சோறு இறங்காமல் இருக்கிறதும் பழகிவிட்டது. எழுத்துகள் மட்டும் போகவில்லை. வேண்டாம் என்று விட்ட பிறகு அவை ஒவ்வொன்றாக வந்து சத்தத்தோடு ஒட்டிக்கொண்டன. தூங்கப் போகும்போது நிச்சி, பி, ஹி என்று மூன்றும் வரிசையாக வந்து நிற்கும். இதற்கெல்லாம் யாரை நொந்துகொள்வது.

தொண்ணூற்றேழில் மனோஜ்குமார் திரும்பி வந்தான். புது ஷெட்டில் புது மிஷின்கள் வந்து இறங்கின. மில்லுகளில் வேலை செய்கிற பெண்பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று ஜப்பான் பட்டைகளின் மேலேயே தமிழ் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பச் சொல்லி உத்தரவு. எது எதன் மேல் என்று தெரிந்த கை வேண்டுமே. பேக்கிங் ஷெட்டிலிருந்து திருமலைசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மிஷின் பக்கத்தில் போய் நின்றார். மனோஜ்குமார் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். மரியாதை மட்டும் மாறவில்லை.

"நல்லா இருக்கீங்ளாண்ணா? அங்க உங்களை நினைக்காத நாள் இல்லீங்ணா. நாம அடிச்சுக்கிட்டு எழுத்துப் படிச்சமே, அங்க எவனும் பட்டையைப் படிக்கறதே இல்லீங்ணா. பச்சை, சிவப்பு, எடத்துப் பழக்கம், அவ்வளவுதான்."

"அப்படியாப்பா" என்றார் திருமலைசாமி.

அவன் ஸ்டிக்கரை உரித்து உரித்துக் கொடுத்தான். இவர் ஒவ்வொரு பட்டையையும் துடைத்து, மேலே வைத்து, கட்டை விரலால் அழுத்தினார். தெங்கென் போனது. கிக்கென் போனது. க்யூயு போனது. எழுத்து மறைவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் மனசுக்குள் ஒருதரம் சொல்லிக்கொண்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஸ்விட்ச் பக்கம் வந்தார்கள். மனோஜ்குமார் பேச்சு மும்முரத்தில் ஒரு ஸ்டிக்கரை உரித்துக் கை எழுத்துப் பட்டைக்கு நேராக நீட்டினான். 'தானியங்கி' என்று போட்டிருந்தது.

"இதை இங்க ஒட்டுங்ணா."

"தப்புப்பா" என்றார் திருமலைசாமி.

தன் காதில் விழுந்ததும் அவருக்கே திக்கென்றது. இத்தனை வருஷத்தில் ஒருத்தர் முகத்துக்கு நேராக அவர் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. சொல்ல ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. மனோஜ்குமார் கோபித்துக்கொள்ளவில்லை.

"அட, ஆமாங்ணா" என்று சிரித்துக்கொண்டே அடுத்த ஸ்டிக்கரைக் கொடுத்தான். "நல்லவேளை, சொன்னீங்க."

'கையியக்கம்' என்று போட்டிருந்தது. திருமலைசாமி அதை வாங்கி, கை எழுத்தின் மேல் வைத்து, ஓரம் கிளம்பாமல் நன்றாக அழுத்தி ஒட்டினார். இன்னும் வரிசையாக மிஷின்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒட்டி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. மிச்சமிருந்த ஸ்டிக்கரை மனோஜ்குமாரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, பெட்டி மூட வேண்டியிருக்கிறது என்று சொல்லி பேக்கிங் ஷெட்டுக்குத் திரும்பி நடந்தார்.